துரை கொடுத்த ரேசர் சைக்கிள்: நானூறு வெள்ளியா, ஆறாயிரத்து ஐந்நூறா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அப்பா தோட்டத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரசராக இருந்தவர். 1965-இல் சீமைக்குத் திரும்பிய சின்ன துரை தன்னுடைய ராலி ரேசர் சைக்கிளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். அப்பா அதில் ஒரு கேரியரைப் போட்டு, மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு லயம் லயமாகப் போய்வருவார். ஆள் குள்ளம். வாசற்படியில் காலூன்றித்தான் ஏறுவார். அவர் போனபின் சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டை ஒட்டிக் கிடக்கிறது. ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் நானூறு வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன் என்றார். அண்ணன் மகனோ, இதே ராலி 6,500 வெள்ளி என்று ஒரு விளம்பரத்தைக் காட்டி, "அத்தை, ஏமாந்துடாதீங்க" என்கிறான். பெயின்ட் அடித்து விற்கலாமா? ஜொகூரில் இருக்கும் தம்பிக்கும் பங்கு தர வேண்டும். நியாயமான விலை என்ன? படங்களும், சைக்கிளின் அடியில் அடித்திருந்த எண்ணும், அந்த விளம்பரமும் இத்துடன் உள்ளன.
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: வணக்கம் டீச்சர்.

பெயின்ட் அடிக்காதீர்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் கேளுங்கள். பெயின்ட் போனால் அதன் மேல் இருக்கும் ஸ்டிக்கர்களும் போகும். ஸ்டிக்கர் போனால், இது எந்தத் தரத்து ராலி என்பதற்கு இருக்கும் சாட்சிகளில் ஒன்று போய்விடும். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் கீறலை மன்னிப்பார்கள். பசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய ஸ்ப்ரே டப்பாவை மன்னிக்க மாட்டார்கள். புதுப் பெயின்டைப் பார்த்ததும் அவர்களுக்கு எழும் முதல் சந்தேகம், அடியில் எந்த வெடிப்பை மறைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

சுத்தம் செய்யலாம். வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, பழைய பனியன் துணி, காய்ந்த பிறகு காருக்குப் போடும் மெழுகு, அவ்வளவே. குரோமியப் பூச்சில் துரு இருந்தால் சமையலுக்கு வைத்திருக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், வந்துவிடும். மணல்தாள் வேண்டாம். குழாயைப் பிடித்துப் பீய்ச்சி அடிக்கவும் வேண்டாம்.

இனி அந்த 6,500 வெள்ளி. உங்கள் அண்ணன் மகன் காட்டிய விளம்பரத்தில் இருப்பதும் ராலிதான், ஆனால் அது வேறு சைக்கிள். சிவப்பு, கருப்பு, மஞ்சள் மூன்றும் சேர்ந்த அந்த நிறம், 1974 முதல் 1983 வரை ஐரோப்பாவில் ஓடிய டிஐ-ராலி பந்தயக் குழுவின் நிறம். 1980-இல் யோப் சூட்டமெல்க் பிரான்சின் 'டூர் டி ஃபிரான்ஸ்' போட்டியை வென்றது இந்தக் குழுவில் இருந்தபோதுதான். அவர்களுடைய சைக்கிள் சட்டங்களை (ஃபிரேம்) இங்கிலாந்தின் இல்கெஸ்டன் என்ற ஊரில் ஒரு சிறிய தனிப் பட்டறையில் கட்டினார்கள். அங்கு பிறந்த சட்டத்தின் எண் 'எஸ் பி' என்று தொடங்கும். விளம்பரம் போட்டவர் அந்த எண்ணைப் படம் எடுத்துப் போடவில்லை என்பதையும் கவனித்தேன். குழுவின் நிறத்தைப் பூசிய சாதாரண ராலிகளும் கடைகளில் விற்றன. ஆகவே அந்த ஆள் கேட்கும் விலை அவருக்கே கிடைக்குமா என்பது சந்தேகம். அப்படியே கிடைத்தாலும் உங்கள் சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விலை தேடும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். இணையச் சந்தைகள் சிலவற்றில் 'விற்றவை' என்று தனியாகப் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. போட்டு வைத்து மாதக் கணக்கில் போகாமல் கிடக்கும் விளம்பரங்களைப் பார்த்துத்தான் பலர் தங்கள் வீட்டுச் சைக்கிளுக்கு விலை சொல்கிறார்கள்.

ராலி என்ற பெயரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாட்டிங்ஹாமில் செய்ததும் ராலி, வங்காளத்தில் அசன்சோலில் சென்-ராலி ஆலை செய்ததும் ராலி. பால்காரர் ஓட்டியதும் ராலி, பந்தயக்காரர் ஓட்டியதும் ராலி. அதனால்தான் எண்.

நீங்கள் அனுப்பிய எண் 'டபிள்யூ' என்று தொடங்குகிறது, பிறகு இன்னோர் எழுத்து, பிறகு 6. எழுபதுகளில் ராலி பயன்படுத்திய முறைப்படி முதல் எழுத்து ஆலையைச் சொல்லும், இரண்டாவது மாதத்தை, அடுத்து வரும் எண் ஆண்டின் கடைசி இலக்கத்தை. டபிள்யூ என்றால் வர்க்சொப் என்ற ஊரிலிருந்த ஆலை. அது முன்பு கார்ல்டன் என்ற சிறிய நிறுவனத்துக்குச் சொந்தம். 1960-இல் ராலி அதை வாங்கி, எடை குறைந்த நல்ல சைக்கிள்களை அங்கே கட்டியது. ஆகவே உங்கள் வீட்டு சைக்கிள் வர்க்சொப்பில் 1976-இல் பிறந்தது. பின்சக்கரத்தின் அருகே தொங்கும் கியரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பன்யோலோ என்ற இத்தாலியப் பெயருக்குக் கீழே 'பேட்டன்ட் 75' என்று அடித்திருக்கிறது. அந்த மாதிரிக் கியரில் அந்த இரண்டு இலக்கம் அது எந்த ஆண்டில் செய்தது என்பதைக் காட்டும். 1975-இல் செய்த கியர் 1976-இல் கட்டிய சட்டத்தில் இருப்பது பொருத்தமே.

இதனால் 1965 கதை நிற்காது. அதற்காக வீட்டில் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. துரை கொடுத்தது உண்மையாக இருக்கலாம், ஆண்டு நழுவியிருக்கலாம். எழுபதுகளின் கடைசியிலும், 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் தோட்டங்களை வைத்திருந்த கத்ரி என்ற ஆங்கிலேய நிறுவனம் மலேசியர் கைக்கு வந்ததை ஒட்டியும், வெள்ளைக்கார நிர்வாகிகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிய காலம். அப்பாவின் கைக்கு இது அப்போதுதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். விலையில் இது பெரிய மாற்றத்தைச் செய்யாது. ஆனால் விளம்பரத்தில் '1965' என்று எழுதிவிடாதீர்கள். விவரம் தெரிந்தவர் எண்ணைப் பார்த்த நிமிடத்தில் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் நம்பமாட்டார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் சைக்கிளின் விலையை இரண்டு மடங்கு ஏற்றவோ இறக்கவோ கூடிய ஓர் எண் இன்னும் எனக்குத் தெரியவில்லை. அது சீட்டைத் தாங்கும் தண்டில் இருக்கிறது.

சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயில் பச்சையும் பொன்னிறமுமாக ஒரு ஸ்டிக்கர் பாதி உரிந்து நிற்கிறது. அதில் 531 என்ற எண் மட்டும் தெரிகிறது. பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த எஃகுக் குழாய் அது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்தது. பழைய ரேசர் சைக்கிள் உலகில் அந்த மூன்று இலக்கத்துக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் 531-இலும் தரம் உண்டு. சில சைக்கிள்களில் முக்கோணத்தின் மூன்று பெரிய குழாய்கள் மட்டும் 531. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் பின்பக்கத்து மெல்லிய குழாய்களும் சாதாரண இரும்பு. சிலவற்றில் எல்லாமே 531. சிலவற்றில் குழாயின் சுவர் முழு நீளத்துக்கும் ஒரே தடிமன். உயர்ந்தவற்றில் இணைப்பு வரும் முனையில் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்திருப்பார்கள். எது என்று ஸ்டிக்கரின் சின்ன எழுத்து சொல்லும். உங்களுடையதில் உரிந்துபோனது அந்தப் பகுதிதான்.

ஸ்டிக்கர் இல்லாவிட்டால் சீட் தண்டு சொல்லும். சீட் குழாயின் வெளிவிட்டம் இந்த வகைச் சைக்கிள்களில் 28.6 மில்லிமீட்டர். சுவர் மெல்லியதாக இருந்தால் உள்ளே அதிக இடம் இருக்கும், தடித்த தண்டு போகும். சுவர் தடித்தால் மெல்லிய தண்டுதான் போகும். உயர்ந்த தரத்து 531-இல் 27.2 மில்லிமீட்டர் தண்டு இருக்கும். ஒரே தடிமனாக இழுத்த 531 என்றால் 26.4-ஐ ஒட்டி வரும். 25.4 என்றால் பெரும்பாலும் சாதாரண இரும்புக் குழாய். அப்படி இருந்தால் அந்த ஸ்டிக்கரை யாரோ பின்னால் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். அலுமினியத் தண்டுகள் பலவற்றில் இந்த எண்ணை உடம்பிலேயே அடித்திருப்பார்கள், குழாய்க்குள் போகும் பகுதியில். அடித்திருக்காவிட்டால் தண்டை வெளியே எடுத்து, பள்ளி அறிவியல் அறையில் வைத்திருப்பீர்களே அந்த வெர்னியர் காலிபரால் அளக்கலாம். நல்ல நிலையிலுள்ள சைக்கிளில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் ஆயிரம் வெள்ளி நிற்கிறது.

வெளியே எடுப்பதில்தான் சிக்கல். படத்தில் சீட் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தண்டு முழுக்க உள்ளே போயிருக்கிறது. காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: அப்பா குள்ளம், சட்டமோ நெடிய ஆளுக்கானது. எட்டவில்லை என்று கடைசி வரை இறக்கிவிட்டார். அதன்பிறகு யாரும் ஏற்றவில்லை. அலுமினியத் தண்டும் எஃகுக் குழாயும் நம் ஊர் ஈரத்தில் இத்தனை வருடம் ஒட்டிக் கிடந்தால் நடுவில் வெள்ளையாக ஒரு பொடி கட்டி, வீங்கி, இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அசையாத சீட் தண்டு என்றால் வாங்க வருகிறவர் பாதி விலைக்குக் கேட்பார், அவர் கேட்பதில் தப்பும் இல்லை.

ஆகவே மெதுவாகச் சோதித்துப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால், குழாயின் வாயை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு சீட்டை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் பிழைத்தீர்கள், திருப்பித் திருப்பி மேலே இழுத்தால் வந்துவிடும். அசையவில்லை என்றால் அத்தோடு நிறுத்துங்கள். அண்ணன் மகனிடம் பைப் ஸ்பேனரையும் சுத்தியலையும் கொடுத்துவிடாதீர்கள். பட்டறையில் நாங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரப்பர் பால் உறையாமல் இருக்கத் தோட்டத்து ஸ்டோரில் ஊற்றுவார்களே அந்த அமோனியாவை நீர்த்து, உள்ளே விட்டு ஊறவைப்போம். அலுமினியம் கட்டிய பொடியை அது கரைக்கும். அவசரப்படாவிட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

அமோனியா என்றதும் நினைவுக்கு வருகிறது, சைக்கிளைக் கோழிக்கூண்டுப் பக்கத்திலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். கோழி எச்சத்திலிருந்து வருவதும் அமோனியாதான், அது பித்தளைக்கு ஆகாது. சக்கரத்துக் கம்பிகளை ரிம்மில் இறுக்கிப் பிடிக்கும் சின்ன மூடிகள் பித்தளை. எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும் பித்தளையில் அமோனியா பட்டால் நாளடைவில் முடி அளவு வெடிப்பு விழும். முன்சக்கரம் அசல் என்று தெரிகிறது. ஒவ்வொரு கம்பியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தொளதொளத்த கம்பி இருந்தால் அந்த மூடி போய்விட்டது.

படத்தில் பார்த்த மற்றவை. பிரேக் இரண்டும் வைன்மன், அசல். ஹேண்டில் அசல், சுற்றிய நாடா இற்றுப்போயிருக்கிறது, அது ஒன்றும் இல்லை. பின்சக்கரத்து ரிம் மட்டும் பிறகு மாற்றியது. முன்னால் அலுமினியம், பின்னால் கனத்த இரும்பு. மருந்துப் பெட்டியின் பாரம் தாங்காமல் பழையது வளைந்திருக்கும், சீனக் கடையில் கிடைத்ததை அப்பா போட்டிருப்பார். சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப் பழையதே என்பதால் இதைச் சரிசெய்யலாம். சீட்டும் அசல் அல்ல. இந்தத் தரத்துச் சைக்கிள்களில் பெரும்பாலும் புரூக்ஸ் தோல் சீட் வரும். உங்களுடையதில் இருப்பது பஞ்சு வைத்த ரெக்ஸின். பழைய தோல் சீட் வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று பாருங்கள், காய்ந்து விறைத்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

கேரியரைப் பார்த்ததும் பயந்தேன். இந்தச் சன்னமான பின்குழாய்களில் கேரியரை வெல்டிங் வைத்து ஒட்டிய சைக்கிள்கள் தோட்டப் பக்கத்திலிருந்து எங்களிடம் வந்திருக்கின்றன; அதோடு அந்தச் சட்டத்தின் கதை முடிந்தது. உங்கள் அப்பா தகட்டுப் பட்டியால் வளைத்து, நடுவில் டியூப் ரப்பர் வைத்து, போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார். டிரசர் அல்லவா, கட்டுப் போடத் தெரிந்திருக்கிறது. கழற்றினால் அடியில் கீறல் மட்டும்தான் இருக்கும்.

சைக்கிள் எங்காவது மோதியிருக்கிறதா என்பதைப் படத்தில் பார்க்க முடியாது, கையால்தான் பார்க்க வேண்டும். ஹேண்டில் செருகியிருக்கும் குட்டைக் குழாயிலிருந்து பெடல் நோக்கிச் சாய்வாக இறங்கும் குழாய் இருக்கிறது அல்லவா, அதன் அடிப்பக்கத்தில், மேல் இணைப்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, கட்டை விரலை வைத்துத் தடவுங்கள். வழவழவென்று போனால் நல்லது. சின்ன மடிப்புப் போலத் தட்டினாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் சுருங்கி வெடித்திருந்தாலோ, முன்னால் பலமாக மோதியிருக்கிறது. பிறகு ஒரு நூலை எடுத்து, பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தில் ஒரு முனையைக் கட்டி, முன்னால் குட்டைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்தில் அதே இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை.

இனி, அண்ணன் மகனுக்குத் தெரியாத, ஈப்போக்காரருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்: அளவு. பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் முனை வரை டேப்பால் அளந்து பாருங்கள். முன்பக்கத்துக் குட்டைக் குழாய் இருக்கும் நீளத்தைப் பார்த்தால் 25 அங்குலத்துக்குக் குறையாது என்று சொல்வேன். ஆறடி இரண்டு அங்குல ஆளுக்குக் கட்டிய சட்டம் அது. இங்கிலாந்திலோ ஹாலந்திலோ இருந்தால் கொண்டுபோக ஆள் இருக்கும். இங்கே சீக்கிரம் போவது இருபது, இருபத்தொரு அங்குலச் சட்டங்கள். உங்கள் சைக்கிளைப் பார்த்து ஆசைப்படும் பத்துப் பேரில் ஒருவருக்குக் கால் எட்டினால் அதிகம். அப்பா பட்ட பாட்டையேதான் அவர்களும் படுவார்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்கிறவருக்கு அளவு பொருட்டல்ல, ஆனால் அப்படிப்பட்டவர் குறைவு.

சரி, கணக்கு. இவை என் பட்டறையில் நான் சொல்லும் மதிப்பு. வேறொருவர் நூறு இருநூறு கூட்டியோ குறைத்தோ சொல்லலாம்.

தண்டில் 27.2 என்று இருக்கிறது, சட்டம் நேராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதே சைக்கிள் நடுத்தர அளவில், எல்லாம் அசலாக, ஏறி மிதிக்கிற நிலையில் இருந்தால் 2,400 வெள்ளி சொல்வேன். அதிலிருந்து கழிக்க வேண்டியது: பின்சக்கரத்துக்கு அலுமினிய ரிம்மும் கம்பிகளும், இரண்டு டயர், டியூப், செயின், கேபிள்கள், பேரிங் கழற்றிக் கிரீஸ் போடும் கூலி என்று ஏறக்குறைய 600. புரூக்ஸ் சீட்டுக்கு 450. மீதி 1,350. பெரிய அளவுக்காக அதில் முப்பது விழுக்காடு போனால் 945 வருகிறது. 900 முதல் 1,000 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டில் 26.4 என்று இருந்தால் நல்ல நிலையிலுள்ள சைக்கிளே 1,300-க்கு மேல் போகாது. வேலைக்கு அதே 600. சீட் சாதாரணமானதே போதும், 150. மீதி 550. அளவுக்காகக் கழித்தால் 385.

ஆகவே ஈப்போக்காரர் கேட்ட நானூறு அநியாயம் என்று சொல்லமாட்டேன். அவர் ஸ்டிக்கரைப் பார்த்திருப்பார், உரிந்திருக்கிறது. தண்டைப் பார்த்திருப்பார், உள்ளே முங்கிக் கிடக்கிறது. தெரியாததற்கெல்லாம் மோசமானதையே நினைத்துக்கொண்டு ஒரு விலை சொல்லியிருக்கிறார். வியாபாரம் செய்கிறவர் அப்படித்தான் செய்வார். அந்தக் கம்பன்யோலோ பின்கியர் ஒன்றை மட்டும் கழற்றி விற்றாலே அவருக்கு 300 வரை வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் திரும்ப வந்தால், "தண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். 27.2 என்று தெரிந்தால் அவரே எழுநூறு எண்ணூறுக்கு ஏறி வருவார்.

கழற்றி விற்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அண்ணன் மகன் இன்னும் கொஞ்சம் துழாவினால் அதைத்தான் சொல்வான், அதனால் முந்திக்கொள்கிறேன். உங்கள் விஷயத்தில் கணக்குப்படி அதுதான் லாபம். கியருக்கும் பிரேக்குக்கும் ஹப்புக்கும் ஆள் உயரம் பற்றிக் கவலை இல்லை, எந்தச் சட்டத்திலும் போய் உட்காரும். கடைசியில் ஒரு பெரிய சட்டம் மட்டும் உங்கள் கையில் மிஞ்சும், அதை யாரும் கேட்கமாட்டார்கள். பல வருடங்களுக்கு முன் ஒற்றைக் கியர் சைக்கிள் மோகம் நம் பையன்களைப் பிடித்தபோது எத்தனையோ நல்ல சட்டங்களில் கியர் தொங்கும் காதை அறுத்தும் ராவியும் எறிந்தார்கள். தப்பித்தவற்றில் இன்னொன்றையும் பிரித்துப் போட எனக்கு மனம் வரவில்லை. பணம் உங்களுடையது, முடிவும் உங்களுடையது. என் யோசனை: முழுச் சைக்கிளாக இரண்டு மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேலைக்கு வந்திருக்கும் உயரமான வெளிநாட்டுக்காரர்கள் பழைய சைக்கிள் குழுக்களில் இருக்கிறார்கள், அவர்கள் கண்ணில் படும்படி போடுங்கள். போகவில்லை என்றால் பிறகு யோசிக்கலாம்.

விளம்பரத்தின் முதல் வரியிலேயே அளவைச் சொல்லிவிடுங்கள். பாதி வீண் விசாரிப்பு குறையும். செயின் இருக்கும் பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எண், தண்டில் அடித்த இலக்கம், கியரில் அடித்த ஆண்டு, மாற்றிய ரிம், இல்லாத சீட் என்று எல்லாவற்றையும் காட்டுங்கள். பழுதுபார்த்து விற்கலாமா என்று கேட்பீர்கள், வேண்டாம். அந்த 600 வெள்ளியை நீங்கள் போட்டால் முழுதாகத் திரும்பி வராது, வாங்குகிறவர் தனக்குப் பிடித்த ரிம்மைத்தான் போடுவார். சீட் தண்டைக் கழற்றும் வேலையை மட்டும் செய்துவிட்டு விற்கலாம், அதற்குக் கொடுத்த காசு வந்துவிடும். அப்பா மருந்துப் பெட்டியோடு நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறீர்களே, விளம்பரத்தில் அதன் நகலைப் போடுங்கள். அசலைச் சைக்கிளோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டாம். சில சேகரிப்பாளர்கள் கேட்பார்கள்.

தம்பி பங்குக்கு: விற்ற விலையிலிருந்து பட்டறைக் கூலியைக் கழித்து மீதியைப் பிரியுங்கள். விற்காமல் நீங்களே வைத்துக்கொள்வதாக இருந்தால் மேலே சொன்ன இரண்டு தொகையில் தண்டு எதைக் காட்டுகிறதோ அதில் பாதி. இந்தக் கடிதத்தை அவருக்கும் அனுப்பிவிடுங்கள், அண்ணன் மகனுக்கும்.

இன்னொன்று டீச்சர். அப்பா நிற்கும் அதே படத்தின் இடது ஓரத்தில், துணி காயப் போட்டிருக்கும் கொடிக்குக் கீழே, கறுப்பாக ஒரு சைக்கிளின் பின்பாதி தெரிகிறது. செயினை முழுவதுமாக மூடிய தகட்டுப் பெட்டி, பிரேக்குக்குக் கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பி, மட்கார்டில் சைக்கிள் லைசென்ஸ் தகடு. தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார் ஓட்டிய வகை. இப்போது பழைய சைக்கிள் சங்கங்கள் தேசிய தின ஊர்வலங்களில் ஓட்டிக்கொண்டு போவது இந்த வகையைத்தான். நம் நாட்டில் இதற்கு இருக்கும் கிராக்கி ரேசருக்கு இல்லை. உயரமும் பிரச்சினை இல்லை. செயின் பெட்டியும் விளக்கும் தகடும் குறையாமல் இருந்தால் துரை சைக்கிளைவிட இது சீக்கிரம் போகும். அது இன்னும் வீட்டில் இருக்கிறதா, இல்லை பழைய இரும்பு லோரியில் ஏறிவிட்டதா? இருந்தால் பின்சக்கரத்து ஹப்பைத் துடைத்துப் பாருங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரின் பக்கத்தில் இரண்டு சின்ன எண்கள் அடித்திருக்கும், ஒன்று ஆண்டு, மற்றது மாதம். அதையும் சீட் தண்டின் எண்ணையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். தகட்டைக் கழற்ற வேண்டாம்.